மீசை இல்லாத தோணிக்காரன்

அக்காட மகள் இவ்வளவு சத்தமாச் சிரிச்சு இன்டைக்குத்தான் கேட்டன்.

மட்டக்களப்புக் கல்லடிப் பழைய பாலத்துல, 1924ல கட்டினதே அதான், கம்பியோரமா சிநேகிதியோட குந்தியிருந்து கொப்பிட கடைசிப் பக்கத்துல நீலப் பேனையால வாவியக் கீறிக்கிட்டு இருக்கா. காத்துக்கு ஒற்றை பறக்காம மத்தவ ரெண்டு கையாலயும் அமத்திப் புடிச்சிருக்கா.

"தோணிக்காரனுக்கு மீசை எங்கடி?"

"நீயே கீறு" எண்டு பேனையக் குடுத்திட்டா. பெத்த தாய்க்கே கொப்பியக் காட்டாத புள்ள!

ஓ எல் சோதினைக்குச் சித்திரத்தப் பாடமா எடுத்ததுக்கு வீட்டுல எவ்வளவு பேச்சு, வாய் திறக்கிறாள் இல்லையெண்டு கோயில்ல நூல் கூடக் கட்டினம், பக்கத்துல குந்தி ஒற்றையப் புடிக்க ஒரு ஆள் வேணுமெண்டு ஒருத்தருக்கும் விளங்கல்ல.

நான் முகத்தக் காட்டாம மோட்டர்சைக்கிளத் திருப்பிட்டன். அக்காட்டச் சொல்லப்போறதில்ல, சொன்னா ரியூசன் நேரத்துல பாலத்துல என்ன வேலையெண்டு தொடங்கிடுவா.