உடையாதில்ல அக்கா?

எதிரில் உட்கார்ந்து கையை நீட்டுகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது இதைத்தான். நிறம், வடிவம் எல்லாம் அப்புறம். "உடையாதில்ல அக்கா?" ஆரம்பத்தில் நானும் "கல்லு மாதிரி நிக்கும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை.

சென்னையில் சலூனில் செயற்கை நகம் வைக்கிற வேலை எனக்கு, ஏழு வருடமாக. இந்த வேலைக்குப் போகிறேன் என்று வீட்டில் சொன்ன அன்று அம்மா, "அடுத்தவங்க நகத்தைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்றதுக்கா பி.காம் படிச்சே" என்றார். எங்கள் வீட்டில் நகம் வெட்டுவது வெள்ளிக்கிழமை ஆகாது, விளக்கு வைத்த பிறகு ஆகாது, வெட்டிய துண்டு வீட்டுக்குள் விழவே ஆகாது. அதையே பிழைப்பாக வைத்துக்கொள்கிறேன் என்றால் அவருக்கு எப்படி இருந்திருக்கும். இன்றைக்கும் வெள்ளிக்கிழமை வருகிற ஒரு வாடிக்கையாளர், "வெட்ட மாட்டீங்கல்ல, ராவத்தானே செய்வீங்க?" என்று ஒவ்வொரு முறையும் கேட்டு உறுதி செய்துகொள்வார். ராவினால் தோஷமில்லையாம். எனக்கும் அது வசதிதான்.

நான் வைப்பது அக்ரிலிக் நகம். ஜெல் நகம் மாதிரி இறுகுவதற்காக விளக்குக்குள் கையை விட வேண்டியதில்லை. ஒரு சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் மானோமர் என்கிற திரவம், பக்கத்தில் பவுடர். பிரஷ்ஷைத் திரவத்தில் முக்கி, கிண்ணத்து ஓரத்தில் அழுத்தி மிச்சத்தை வடித்துவிட்டு, நுனியால் பவுடரைத் தொட்டு மெல்ல இழுத்தால் ஒரு குட்டி உருண்டை ஒட்டிக்கொண்டு வரும். அதுதான் பீட். திரவம் ஒன்றரைப் பங்கு, பவுடர் ஒரு பங்கு என்று பயிற்சி வகுப்பில் எழுதிப் போட்டார்கள், நானும் நோட்டில் எழுதிக்கொண்டேன், ஆனால் பிரஷ் நுனியில் நிற்கிற மிளகளவு உருண்டையில் அதை எந்தக் கரண்டியால் அளப்பது? அம்மா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பாரே, அந்த மாதிரிப் பதம்தான் இது. உருண்டை பளபளப்பாக இருக்க வேண்டும், நகத்தில் வைத்ததும் மெதுவாகத் தானே அமர வேண்டும். ஓடினால் திரவம் கூடிவிட்டது என்று அர்த்தம், அது தோலில் வழிந்து பலருக்கு அரிப்பில் போய் நிற்கும். பொடிப்பொடியாக இருந்தால் பவுடர் அதிகம், நாலு நாளில் பெயரும்.

எனக்கு இந்தப் பதத்தைச் சொல்லிக்கொடுத்தவர் மிசோரமிலிருந்து வந்து சென்னையில் பல வருடம் வேலை பார்த்த ஓர் அக்கா. அவருக்குத் தமிழ் அரைகுறை, எனக்கு இந்தி சுத்தமாக வராது. என் பீட்டைப் பார்த்து "தண்ணி" என்பார், இல்லாவிட்டால் "மணல்" என்பார். இரண்டே சொல்லில் மூன்று மாதப் பாடம்.

சென்னை வெயில் வேறு. பவுடருக்குள் இருக்கிற பென்சாயில் பெராக்சைடும் திரவத்தில் கலந்திருக்கிற இன்னொரு பொருளும் சேரும்போதுதான் இது இறுகத் தொடங்கும், சூடு கூடினால் வேகமும் கூடும். மே மாதம் ஒரு மத்தியானம் கரண்ட் போய் ஏசி நின்று, ஒரு கை முடிந்து மறு கை பாதியில் இருக்கும்போது, பிரஷ்ஷிலேயே பீட் கெட்டியாகிப்போனது எனக்கு நடந்திருக்கிறது. அந்த பிரஷ் போனது போனதுதான்.

இதெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற வேலை. நகம் நிற்பதும் நிற்காததும் அதற்கு முந்தைய கால் மணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. நகக்கண்ணை ஒட்டி நகத்தின் மேல் ஒரு மெல்லிய தோல் படிந்திருக்கும், உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அதை எடுக்க வேண்டும். நகம் ராவுகிற 180 நம்பர் ஃபைலால் நகத்தின் பளபளப்பை மட்டும் எடுக்க வேண்டும், நகத்தையே எடுத்துவிடக் கூடாது. தூசி தட்டி, ஈரம் போக்கி, அக்ரிலிக் நன்றாகப் பிடிப்பதற்குப் பிரைமர் ஒரு துளி. ராவுகிற மெஷினைப் பிடிக்கத் தெரியாதவர்கள் இங்கேதான் சிவப்பாக வளையம் விழுகிற மாதிரி ராவி விடுகிறார்கள். அப்புறம் நுனிப் பக்கம் ஒரு பீட், நடுவில் ஒன்று, அடியில் தோலைத் தொடாமல் மயிரிழை விட்டு ஒன்று. நடுவில் வைப்பது கொஞ்சம் மேடாக நிற்க வேண்டும், பளு அங்கேதான் இறங்கும். இறுகிவிட்டதா என்று பார்க்க பிரஷ்ஷின் பின்முனையால் தட்டுவோம். ஈரமாக இருந்தால் சத்தமே வராது, இறுகியிருந்தால் பீங்கான் தட்டில் தட்டுகிற மாதிரி "டிக்" என்று கேட்கும். ஏழு வருடம் கழித்தும் எனக்கு அந்தச் சத்தம் அலுக்கவில்லை.

சரி, கல்லு மாதிரி நிக்கும் என்று சொல்வதை ஏன் விட்டேன்?

முதலில் நான் சேர்ந்த இடத்தில் திரவம் லேபிள் இல்லாத ஒரு கேனில் வரும். அதிலிருந்து சின்ன பாட்டில்களில் ஊற்றி வைப்போம். மூக்கைத் துளைக்கிற நெடி. அக்ரிலிக் என்றாலே நெடிதானே என்று நினைத்துக்கொண்டேன். வைத்த நகம் அசையவே அசையாது, ஃபைல் போட்டால் மணிக்கட்டு வலிக்கும். வாடிக்கையாளர்களுக்கு ஒரே சந்தோஷம், எனக்கும் பெருமைதான். கழற்ற வந்தவர்களுக்கு அசிட்டோனில் பஞ்சை நனைத்து ஃபாயில் சுற்றி உட்கார வைத்தால் முக்கால் மணி நேரம் ஆகியும் கரையாது. அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நிச்சயதார்த்தத்துக்காக வைத்துக்கொண்டு போன ஒரு பெண் பத்து நாள் கழித்து விரலில் கட்டோடு வந்தாள். கார் கதவைச் சாத்தும்போது மோதிர விரல் நகம் மாட்டிக்கொண்டதாம். நான் வைத்த நகம் அப்படியே முழுசாக இருந்தது. அதோடு சேர்ந்து அவளுடைய சொந்த நகம் வேரோடு பிய்ந்து வந்துவிட்டது. "உடையவே இல்ல அக்கா," என்றாள். அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. முதலாளி, ஜாக்கிரதையாக இருந்திருக்க வேண்டியது உங்கள் பொறுப்பு என்று அவளிடம் சொல்லி அனுப்பிவிட்டார். நான் ஒரு வார்த்தை பேசாமல் நின்றேன்.

அடுத்த வேலையில்தான் அந்த மிசோரம் அக்காவைச் சந்தித்தேன். கேன், நெடி, கரையாதது எல்லாவற்றையும் சொன்னதும் "எம்.எம்.ஏ." என்றார். மெத்தில் மெத்தாக்ரிலேட். எலும்பு அறுவை சிகிச்சையில் செயற்கை மூட்டைப் பதிக்கிற சிமென்ட்டில் இருக்கிற பொருள். நகத்தில் இது செய்கிற சேதத்தைப் பார்த்து அமெரிக்காவில் 1970களிலேயே இது மட்டுமே உள்ள நகத் திரவங்களுக்கு எதிராக நடவடிக்கை எடுத்திருக்கிறார்கள். நகத்துக்கென்று தயாரிக்கிற நல்ல திரவத்தில் இருப்பது எத்தில் மெத்தாக்ரிலேட், ஈ.எம்.ஏ. அதற்கும் நெடி உண்டு, ஆனால் அசிட்டோனில் அரை மணி நேரத்தில் கரையும், வேகமாக இடித்தால் விட்டுக்கொடுக்கும். மலிவு என்பதால்தான் மற்றது இன்னும் கேனில் வருகிறது.

நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர்தான் வளரும். முழு நகமும் திரும்பி வர ஆறு மாதம். அந்தப் பெண்ணின் கல்யாணம் அதற்குள் முடிந்திருக்கும். போட்டோவில் அந்த விரலை எப்படி மறைத்தாளோ.

இப்போது யார் வந்தாலும் பாட்டிலின் லேபிளைக் காட்டிவிட்டுத்தான் திறக்கிறேன். நர்ஸ் வேலை பார்க்கிறவர்கள் வந்தால் வேண்டாம் என்று அனுப்பிவிடுகிறேன், செயற்கை நகத்துக்கு அடியில் கிருமி தங்கும், அவர்கள் தொடுவது நோயாளிகளை. நகம் வளர்ந்து அடியில் விழுந்த இடைவெளியை நிரப்ப, அதாவது ரீஃபில்லுக்கு, வந்தவர் நகத்தில் பச்சையாக ஒரு புள்ளி தெரிந்தால் அதன் மேல் பூசி மறைக்க மாட்டேன். எங்கோ லேசாகப் பெயர்ந்து ஈரம் புகுந்து பாக்டீரியா வளர்ந்திருக்கிறது, கழற்றத்தான் வேண்டும். இதனால் போன வாடிக்கையாளர்களும் உண்டு. சாம்பார் சாதம் பிசைந்தால் மஞ்சள் ஏறுமா என்று கேட்பவர்களிடம் ஏறும் என்றே சொல்லிவிடுகிறேன், கரண்டியால் சாப்பிடு என்று நான் சொன்னால் கேட்கவா போகிறார்கள்.

போன வாரம் ஒரு காலேஜ் பெண் வேகமாக உள்ளே வந்து ஆள்காட்டி விரலை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, வச்சு ஒம்பது நாள்தான் ஆகுது, பஸ் கம்பில இடிச்சேன், பட்டுனு போயிடுச்சு." விரலைப் பிடித்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். நுனியில் மட்டும் சாய்வாக உடைந்திருந்தது. உள்ளே அவள் நகம் ஒரு கீறல் இல்லாமல், ரோஸ் நிறத்தில், சுத்தமாக இருந்தது. அழுத்திப் பார்த்தேன், வலிக்கவில்லை என்றாள்.

"ஏன்க்கா சிரிக்கிறீங்க?" என்று கோபமாகக் கேட்டாள். காசு வேண்டாம், உட்காரு என்றேன்.