கட்டைவிரல் வெளியே

பிப்ரவரி 2

கட்டு பிரித்து இன்றோடு ஆறு வாரம். கட்டைவிரல் மடங்குகிறது. பாட்டில் மூடியைத் திருகினால் மட்டும் அடியில் சுருக்கென்கிறது. கரடுமுரடுப் பாதைப் பயணத்துக்கு இன்னும் 26 நாள்.

பிப்ரவரி 4

வண்டியின் இடது முன்பக்கம் ‘டக்’. வேகத்தடையில் வராது. சின்னப் பள்ளத்தில், 20 கிலோமீட்டருக்குக் கீழே போகும்போது மட்டும் வரும். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவருக்குக் கேட்கவில்லையாம்.

பிப்ரவரி 7

டயர் பக்கச்சுவரில் இருக்கும் நான்கு இலக்கத்தை டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓடுகிற நாலிலும் 2322, அதாவது 2022-இன் 23-ஆவது வாரம். ஸ்டெப்னியில் 1416. பின்கதவில் வெயில் காய்ந்துகொண்டு, தரையையே தொடாமல் கிழடாகிவிட்டது. நகத்தால் அழுத்தினால் வெடிப்பு வாய் திறக்கிறது. இதை நம்பியா போன தடவை போனோம்?

பிப்ரவரி 8

தூக்கம் வரவில்லை, எழுதுகிறேன்.

விரல் அடிபட்ட அன்று வேகம்கூட இல்லை. லோ ரேஞ்ச் (நாலு சக்கர இழுவை வண்டியின் மெதுவான கியர் வரிசை), முதல் கியர், நடந்து வருகிறவர் முந்திவிடுவார். வலது முன்சக்கரம் பாறையின் ஓரத்தில் இடித்தது. சக்கரம் ஒரு பக்கம் வெட்டியது, ஸ்டீயரிங் அதைவிட வேகமாகச் சுழன்றது. என் வலது கட்டைவிரல் வளையத்துக்கு உள்ளே கொக்கி மாதிரி மாட்டியிருந்தது. குறுக்குக் கம்பி வந்து அடித்த அடி. அவ்வளவுதான்.

பவர் ஸ்டீயரிங் இருந்தால் உதைக்காது என்று நினைத்திருந்தேன். உதை குறையும், போகாது. கட்டைவிரல் வளையத்தின் மேலேதான் படுத்திருக்க வேண்டும், உள்ளே சுற்றக்கூடாது. இது முதல் பாடம், எனக்கும் தெரியும். பயம் வந்தால் கை தானாக இறுக்குகிறது, இறுக்கினால் விரல் உள்ளே போகிறது. இன்று கடைக்குப் போய்வந்த இருபது நிமிடத்தில் எண்ணினேன். ஒன்பது தடவை உள்ளே.

பிப்ரவரி 11

“ஸ்டெபிலைசர் லிங்க் ரப்பர் போயிடுச்சுக்கா, அதான் சத்தம்.” மெக்கானிக் அந்த லிங்கை, வளைவில் வண்டி சாயாமல் பிடிக்கும் கம்பியின் இணைப்பை, மாற்றினார். வெளியே வந்து முதல் பள்ளம்: டக்.

பிப்ரவரி 15

காலி மைதானத்தில் ஒத்திகை. டயர்க் காற்றை 34 psi-யிலிருந்து 18-க்கு இறக்கினேன். டயர் அகலமாகப் பரவும் என்றுதான் நினைப்போம். தரையில் படிந்த தடத்தைப் பார்த்தால் அகலம் கொஞ்சம்தான், நீளம்தான் கூடியிருக்கிறது. மணலில் வண்டி மிதப்பது இதனால்தான். அந்தக் காற்றில் ஸ்டீயரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். மெதுவாக, பெரிய வட்டமாகத் திருப்பினேன்.

மேட்டில் பாதியில் நின்றுபோவதையும் பழகினேன். வண்டியைத் திருப்ப முயலக்கூடாது, குறுக்காக நின்றால் உருண்டுவிடும். ரிவர்ஸ் போட்டு, கிளட்ச் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டு, நேர் பின்னாக இறங்க வேண்டும். மூன்று தடவை. மூன்றாவதில்தான் மூச்சு விட்டேன்.

ஜாக்கி தனியாக மண்ணில் புதைகிறது, அடியில் பலகை வேண்டும். திரும்பக் காற்று ஏற்றக் கம்ப்ரஸரை லைட்டர் சாக்கெட்டில் சொருகினேன், ஃப்யூஸ் போயிற்று. 18-லேயே ஊர்ந்து ஊர்ந்து காற்றடிக்கும் இடம் வரை போனேன். பின்னால் வந்தவர்கள் வாழ்த்தவில்லை.

விரல்: இரண்டு தடவை உள்ளே.

பிப்ரவரி 16

முதுகு. வேறொன்றுமில்லை.

பிப்ரவரி 19

அண்ணன் வண்டியில் கியர் எண்ணெய் பால் மாதிரி இருக்கிறதாம். தண்ணீர் போயிருக்கிறது. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். “எண்ணெய் மாத்திப் பாக்கறேன், சரியாகலைன்னா நீ மட்டும் போயிட்டு வா” என்கிறார்.

ஒற்றை வண்டியில் போவதா? சிக்கினால் யார் இழுப்பது?

அதற்குள் இன்னொரு சண்டை. டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிறு கட்டி எத்தனையோ தடவை இழுத்திருக்கிறாராம். அது உடைந்தால் குண்டு மாதிரி பறக்கும் அண்ணா, ஆள் செத்திருக்கிறார்கள் என்றேன். “எனக்கு ஒண்ணும் ஆகலையே.” நீளும் கயிற்றில் இழுவிசை எவ்வளவு ஏறும் என்று சொல்ல வந்தேன். போனை வைத்துவிட்டார்.

பிப்ரவரி 20

அண்ணன் கூப்பிடவில்லை. நானும் கூப்பிடவில்லை.

பிப்ரவரி 21

கண்டுபிடித்துவிட்டேன்!

கம்ப்ரஸரை இந்த முறை நேராக பேட்டரியில் மாட்டலாம் என்று பானெட்டைத் திறந்தேன். கிளிப்பை அழுத்தினால் பேட்டரி முழுசாக அசைகிறது. பிடித்துவைக்கும் கம்பியின் நட் தளர்ந்து, தட்டில் அதன் அடிப்பகுதி ஆடிய இடம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. இடது முன்பக்கம்! பத்தாம் நம்பர் ஸ்பேனர், நாலு சுற்று. தெருமுனைப் பள்ளத்தில் ஏழு தடவை ஏற்றி இறக்கினேன். ஒரு பாவமும் அறியாத லிங்கை மாற்றியாயிற்று.

பிப்ரவரி 24

சுமை. தண்ணீர் 40 லிட்டர் என்றால் 40 கிலோ, கேன் கனம் தனி. மேல்கூரையில் வைத்தால் சரிவில் வண்டி தலை சாய்க்கும். பின்சீட்டை மடக்கி, தரையோடு வைத்துப் பட்டை போட்டு இறுக்கினேன். கவிழ்ந்தால் கேன் என் பிடரிக்கு வரக்கூடாது. கூரையில் பாய், துணி, காலிப் பெட்டி மட்டும்.

முதலுதவிப் பையைப் பிரித்தேன். விரலுக்குக் கட்டும் பட்டை இரண்டு போட்டேன். யாரும் கேட்கவில்லை.

பிப்ரவரி 25

அண்ணன் கூப்பிட்டார். எண்ணெய் இரண்டாம் முறையும் மாற்றி, ஓட்டிப் பார்த்து, இன்று நிறம் தெளிவு. வருகிறார். உருண்டை பற்றி அவரும் பேசவில்லை. “சேஸிஸ்ல கொக்கி போட்டாச்சு” என்று மட்டும் சொன்னார்.

பிப்ரவரி 26

புது ஸ்டெப்னியை முன் வலதில் மாட்டி 80 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, நட்டுகளை மறுபடி இறுக்கினேன். ஒரு நட்டு மட்டும் கால் சுற்று திரும்பியது. விரல் ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை, அல்லது நான் கவனிக்கவில்லை.

பிப்ரவரி 27

காலை, ஓட்டுவதற்கு முன், நாலிலும் 34. மாலை ஓட்டி வந்து பார்த்தால் 37, 38. சூட்டில் ஏறுவது, இறக்கக்கூடாது. அண்ணன் நாளை விடிகாலை 5 மணிக்கு வருகிறார்.

பிப்ரவரி 28, விடிகாலை 4.40

முன் இடது 34. முன் வலது 34. பின் வலது 34. பின் இடது 30.

சோப்புத் தண்ணீர் கலக்கப் போகிறேன்.