டாக்ஸ் கிளாஸ் மாத்திட்டீங்களா?

ஊரில் "விசேஷம் ஏதாவது உண்டா?" என்று கேட்பார்கள். பெர்லினில் உள்ள நம் ஆட்கள் அதையே "டாக்ஸ் கிளாஸ் மாத்திட்டீங்களா?" என்று கேட்கிறார்கள். முதல் வருடப் பொங்கல் விழாவில் ஒரு அக்கா என்னிடம் அப்படிக் கேட்டபோது வரி ஆலோசனை என்றுதான் நினைத்தேன். சர்க்கரைப் பொங்கல் ஆறிப்போகும் வரை நின்று, எங்கள் சம்பளக் கணக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

விஷயம் இதுதான். ஜெர்மனியில் கணவன் மனைவி இருவரும் வேலைக்குப் போனால் வரி வகுப்பைத் தங்களுக்குள் பிரித்துக்கொள்ளலாம். கூடுதல் சம்பளக்காரர் மூன்றாம் வகுப்பு, மற்றவர் ஐந்தாம் வகுப்பு என்று வைத்தால் மாதாமாதம் கைக்கு வருவது கூடும். நம் வீடுகளில் பெரும்பாலும் ஐயா மூன்று, அம்மா ஐந்து. ஆனால் பிள்ளை பிறந்த பிறகு அரசு தரும் எல்டர்ன்கெல்ட் என்ற தொகை, விடுப்பில் இருப்பவர் அதுவரை கையில் வாங்கிய சம்பளத்தில் சுமார் 65 சதவீதம். உச்சவரம்பு மாதம் 1800 யூரோ. கையில் வாங்குவது கூடினால் இதுவும் கூடும் என்பதால் விவரம் தெரிந்தவர்கள் மனைவியை மூன்றாம் வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். அதுவும் பிரசவ விடுப்பு தொடங்க ஏழு மாதம் இருக்கும்போதே மாற்றினால்தான் முழுப் பலன். அந்த விடுப்பு பிரசவத் தேதிக்கு 6 வாரம் முன்பே தொடங்கிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: சோதனைக் குச்சியில் இரண்டாவது கோடு விழுந்த வாரமே ஓட வேண்டும், இல்லையென்றால் அதற்கும் முன்பே. ஆகவே இங்கே டாக்ஸ் கிளாஸ் மாற்றியவர் ஊருக்கே தண்டோரா போட்டவர் மாதிரி.

நாங்கள் இன்றுவரை நான்கு-நான்கு, அதாவது இருவரும் நான்காம் வகுப்பு, மாற்றவே இல்லை.

2017-ல் வந்தோம். இருவருக்கும் ப்ளூ கார்டு என்ற வேலை விசா, இருவரும் மென்பொருள் வேலை, சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்போது எனக்கு 28 வயது. வீட்டில் கேட்டால் சொல்ல ஒரு பதில் தயாராக இருந்தது: "விசா நிரந்தரமாகட்டும்." ஆனால் ப்ளூ கார்டுக்காரர் பி1 அளவு ஜெர்மன் எழுதித் தேறினால் 21 மாதத்தில் நிரந்தர வசிப்புரிமை கேட்கலாம். படித்தோம், எழுதினோம், கிடைத்தது. ஊருக்குச் சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம். எனக்குக் கொஞ்சம் பகீர் என்றது. கையில் இருந்த முதல் காரணம் போய்விட்டதே.

அப்புறம் "வேலை போயிடும்" என்றோம். போகாது. பிரசவத்துக்கு முன் 6 வாரம், பின் 8 வாரம் முழுச் சம்பளத்தோடு விடுப்பு. அதற்கு மேல் தாயோ தந்தையோ ஆளுக்கு மூன்று வருடம் வரை பெற்றோர் விடுப்பு எடுக்கலாம். அந்த விடுப்பின்போது வேலையை விட்டு அனுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை. என் குழுத் தலைவர் ஆண்தான். குழந்தையை நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஒருநாள் அலுவலகம் வந்து எல்லாரிடமும் காட்டிவிட்டு, பாதி வருடத்துக்கு ஆளே காணோம். யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"செலவு" என்றோம். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிண்டர்கெல்ட் என்ற அரசு உதவித்தொகை உண்டு. 2025 கணக்குப்படி மாதம் 255 யூரோ, 18 வயது வரை, படித்துக்கொண்டிருந்தால் 25 வரை. "யார் பார்த்துக்கொள்வது?" என்றோம். ஒரு வயது நிறைந்த பிள்ளைக்குக் கீட்டா எனப்படும் பராமரிப்பு நிலையத்தில் இடம் கேட்பது 2013 முதல் சட்டப்படி உரிமை. பெர்லினில் 2018 ஆகஸ்டிலிருந்து கட்டணமும் கிடையாது, சாப்பாட்டுக்கு மட்டும் மாதம் 23 யூரோ. காலையில் எஸ்-பான் ரயிலில் போகும்போது அந்தப் பிள்ளைகள் ஏறும். பளீரென்று மின்னும் மஞ்சள் சட்டை ஒன்றை மேலே மாட்டிக்கொண்டு, முதுகில் கீட்டாவின் பெயரும் தொலைபேசி எண்ணும் அச்சிட்டு, இரண்டிரண்டாகக் கை கோத்துக்கொண்டு வரும். பார்க்க அவ்வளவு அழகு. நானும் பார்த்துச் சிரிப்பேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போனதும் போனைத் திறந்து மின்னஞ்சல் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். ஏக்கம் என்று ஒன்று வரும் என்கிறார்களே, அது வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்திருக்கிறேன். வந்ததில்லை.

ஊரில் இருந்திருந்தால் இந்தக் கேள்வி எங்களுக்குக் கேள்வியாகவே வந்திருக்காது என்று நினைக்கிறேன். கல்யாணமான மறுவருடம் மாமியார் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம், ஈரோட்டு லேடி டாக்டர் ஒரு பக்கம் என்று தள்ளிக்கொண்டு போய் எல்லாம் தானாக நடந்திருக்கும். அதில் தப்பொன்றும் இல்லை, பாதி உலகம் அப்படித்தான் பிறந்தது. இங்கே என் மகப்பேறு மருத்துவர் குழந்தை பெறும் எண்ணம் உண்டா என்று கேட்டார். இன்னும் முடிவு செய்யவில்லை என்றேன். தலையாட்டி, கணினியில் தட்டிவிட்டு, அடுத்து தைராய்டு பற்றிக் கேட்டார். அவ்வளவுதான். வெளியே வந்தபோது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. திட்டினாலாவது பதிலுக்கு ஏதாவது தோன்றியிருக்கும்.

கடைசியாக மிஞ்சிய காரணம் அம்மா. அரசு பணம் தருகிறது, விடுப்பு தருகிறது, ஆள் தருவதில்லை. கவுந்தப்பாடியில் இருக்கும் அம்மா விசிட்டர் விசாவில் வந்தால் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம். 2024 மார்ச்சில் திறன் பணியாளர்களின் பெற்றோரை இங்கேயே வரவழைத்துக்கொள்ள ஒரு சட்டம் வந்தது. ஆனால் அது 2024 மார்ச் 1-க்குப் பிறகு முதல் வேலை அனுமதி வாங்கியவர்களுக்கு மட்டும். ஏழு வருடம் வரி கட்டிய எங்களுக்கு இல்லை, நேற்று வந்தவருக்கு உண்டு. அவர்களுக்கும் பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டை ஏற்பாடு செய்வது பெரும்பாடு. இதை ஊரில் சொன்னபோது எல்லாரும் ஜெர்மனி அரசைத் திட்டினார்கள், எங்களை விட்டுவிட்டார்கள். நல்ல காரணமாக இருந்தது.

அந்தக் காரணத்தையும் எனக்கு நானே ஆட்டம் காணவைத்த கதை வேறு. சேலத்துத் தோழி ஒருத்திக்குப் பிரசவம். அவள் அம்மாவுக்கு விசா தள்ளிப்போனதால் பத்தியச் சமையலுக்கு நான் போனேன். பூண்டுக் குழம்பு, சுறாப் புட்டு, மிளகு ரசம் எல்லாம் என் கைப்பக்குவம். சுக்கும் திப்பிலியும் சேர்த்துக் கிளறிய லேகியம் மட்டும் சேலத்திலிருந்து வந்தது. வீட்டுக்கே வந்து பார்க்கும் மருத்துவச்சியை இங்கே ஹெபாமெ என்கிறார்கள். பிரசவமான முதல் பத்து நாள் தினமும்கூட வரலாம், செலவு காப்பீட்டினுடையது. ஆனால் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, கரு தங்கிய கையோடு தேட வேண்டும். தோழிக்குக் கிடைத்தவர் சைக்கிளில் வருவார். குழந்தையை ஒரு துணியில் தூளி போல முடிந்து, சுருள்வில் தராசில் கொக்கி மாட்டித் தூக்கிப் பிடிப்பார். அது அந்தரத்தில் கண்ணை உருட்டிக்கொண்டு தொங்கும். முள் நின்றதும் எடையை மஞ்சள் நிற நோட்டில் எழுதுவார். லேகியத்தை முகர்ந்து பார்த்து, ஒரு விரல் நக்கி, தனக்கும் கொஞ்சம் வேண்டும் என்று ஒருநாள் டப்பாவில் வாங்கிப் போனார்.

அந்த வீட்டில் எனக்கு எல்லாமே பிடித்திருந்தது. குளிப்பாட்ட, சாம்பிராணி போட, நடு இரவில் தோளில் போட்டு நடக்க எல்லாம் வந்தது. என் கை பழகிய கைதான், அக்கா பிள்ளைகள் இரண்டையும் வளர்த்த கை. ஆகவே பயம் என்று சொல்ல முடியாது, தெரியாது என்றும் சொல்ல முடியாது. தோழியின் அம்மா வந்து சேர்ந்ததும் என் வீட்டுக்குத் திரும்பி, கதவைச் சாத்தி, ஒரு காபி போட்டுக் குடித்தேன். அந்தக் காபி அவ்வளவு நன்றாக இருந்தது. என் அம்மாவே இங்கு வந்து நிரந்தரமாக இருந்தாலும் எனக்கு வேண்டாம் என்பது அப்போது தெளிவாகத் தெரிந்துவிட்டது.

கணவரிடம் சொல்லத்தான் நாளானது. டெம்பிள்ஹோஃப் பழைய விமான நிலையம் 2008-ல் மூடப்பட்டு இப்போது பொது மைதானம். விமானம் இறங்கிய ஓடுபாதையில் ஜனங்கள் பட்டம் விடுகிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நடந்துகொண்டிருந்தபோது கேட்டேன்: "உங்களுக்குக் குழந்தை வேணும்னு இருக்கா?" கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். "உனக்கு வேணும்னா பெத்துக்கலாம்னு இருந்தேன்" என்றார். "எனக்கு வேண்டாம்." "அப்ப எனக்கும் வேண்டாம். நீ ஆசைப்படுவேன்னு நெனச்சுத்தான் வாயைத் திறக்கலை." இத்தனை வருடமாக ஒருவருக்காக ஒருவர் காத்திருந்திருக்கிறோம். இரண்டு பேரில் ஒருவர் கொஞ்சம் கூடுதல் மரியாதைக்காரராக இருந்திருந்தால் இப்போது ஒரு பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கும். பாசமாகவும் வளர்த்திருப்போம், அதிலும் சந்தேகமில்லை.

வயதும் ஒரு நெருக்கடியாக இருந்தது. செயற்கைக் கருத்தரிப்புக்கு அரசுக் காப்பீடு தம்பதிகளுக்கு மூன்று முறை வரை பாதிச் செலவு தரும், பெண்ணுக்கு 40 வயது ஆகும்வரை. கருமுட்டைத் தானம் இந்த நாட்டில் சட்டப்படி கூடாது. ஆகவே "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்" என்று தள்ளிக்கொண்டே போனால் அதுவே ஒரு முடிவாகிவிடும். அப்படி நழுவிப்போய் முடிவாவதை நான் விரும்பவில்லை. எனக்கு 36 ஆகிறது. வேண்டாம் என்பதை வாயால் சொல்லிவிட்டோம்.

இந்த நாடும் அதற்கு ஒரு விலை வைத்திருக்கிறது. சம்பளச் சீட்டில் முதுமைப் பராமரிப்புக் காப்பீடு என்று ஒரு பிடித்தம். பிள்ளை இல்லாதவர், 23 வயதைத் தாண்டியவர் என்றால் 0.6 சதவீதம் கூடுதல். பிள்ளை வளர்ப்பவர்களும் வளர்க்காதவர்களும் ஒரே சந்தா கட்டுவது நியாயமில்லை என்று 2001-ல் அரசியல் சாசன நீதிமன்றம் சொன்னது. 2005-ல் கூடுதல் பிடித்தம் வந்தது. 2023-ல் இந்த அளவானது. சக தமிழர் ஒருவர் "இதென்ன மலட்டு வரியா?" என்று கொதித்தார். எனக்கு அப்படிக் கோபம் வரவில்லை. நாளைக்கு என்னைத் தூக்கி உட்காரவைக்கப் போவது யாரோ பெற்ற பிள்ளை. மாதாமாதம் சத்தமில்லாமல் பிடித்துக்கொள்கிறார்கள். கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி கேட்பதைவிட மலிவு.

மாமியார் விடவில்லை. திருக்கருகாவூர் கர்ப்பரட்சாம்பிகை கோயில் நெய்ப் பிரசாதத்தை ஊருக்குப் போய்வந்த ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். வெளிநாட்டிலிருந்து பால் பொருள் எதுவும் ஐரோப்பாவுக்குள் கொண்டுவரக்கூடாது. அது அத்தைக்குத் தெரியாது, தெரிந்தாலும் அம்பாளுக்கு ஏது சுங்கம் என்றிருப்பார். பருப்புப் பொடிக்கு நடுவில் ஒளிந்து வந்த அந்தக் குப்பியைத் தூக்கிப்போட மனம் வரவில்லை, சாப்பிடவும் மனம் வரவில்லை. சிகிச்சையில் இருக்கும் ஒரு தம்பதிக்கு, விவரம் சொல்லியே கொடுத்தோம். அந்தப் பெண் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். 2024 அக்டோபரில் அப்போது முதல்வராக இருந்த ஸ்டாலின் ஒரு திருமண விழாவில், நாடாளுமன்றத் தொகுதிகள் குறையும் என்ற கவலையில் பதினாறு பிள்ளை பெறலாமோ என்று நினைக்கும் நிலை வந்திருப்பதாகப் பேசிய காணொளியையும் மாமியார் அனுப்பியிருந்தார். தொகுதி மறுவரையறைக்கு என் பங்கு இல்லை, அத்தை மன்னிக்கட்டும்.

அம்மாவிடம் போனில் நேராகவே சொன்னேன். கொஞ்ச நேரம் மிக்சி சத்தம் மட்டும் கேட்டது. "கடைசிக் காலத்துல யாரு கண்ணு பாப்பாங்க?" என்றாள். எனக்குச் சுருக்கென்று வந்தது. "உனக்கு ரெண்டு பேர் இருக்கோம். ஒருத்தி பெர்லின், ஒருத்தி டல்லஸ். இப்ப யாரு பாக்கறாங்க?" என்று கேட்டுவிட்டேன். "நீங்க வந்து பாப்பீங்கன்னா பெத்தேன்?" என்றாள், கோபமே இல்லாமல். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்புறம் தக்காளி விலை பேசினோம்.

அதற்குப் பிறகு அவள் என்னைக் கேட்பதில்லை. ஆனால் அவளை ஊர் கேட்கிறதே. போன மாதம் கூப்பிட்டாள். "எதிர் வீட்டுச் சரோஜா சும்மா தொணதொணன்னா. அந்த ஊர்க் குளுருக்குத் தங்கறதில்லையாமான்னு சொல்லிப்போட்டேன்."

"அம்மா!"

"பின்ன என்னத்தச் சொல்றது? அதுக்கு அவ, அப்ப அந்த ஊர்க்காரங்க எல்லாம் எப்படிப் பெத்தாங்களாமான்னு கேக்கறா. நீயே சொல்லு, என்ன சொல்லட்டும்?"

ஜெர்மனியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.35 பிள்ளை, 2024 கணக்கு. தமிழ்நாட்டில் அது 2020-லேயே 1.4-க்கு வந்துவிட்டது. சரோஜா அக்காவின் சொந்த மருமகளே ஒன்றோடு நிறுத்திக்கொண்டவள்தான். "அவங்களும் ரொம்பப் பெத்துக்கறதில்லைன்னு சொல்லும்மா" என்றேன்.

"அது நல்லாருக்கு" என்று வைத்துவிட்டாள்.