கடைமடைக்குத் தண்ணீர் வரும் நாள்

காவிரி டெல்டாக்காரன் என்று சொன்னாலே சென்னையில் நண்பர்கள் "உங்களுக்கென்னப்பா, ஆத்துப் பாசனம், மூணு போகம்" என்பார்கள். எனக்குச் சட்டென்று கோபம் வரும். எங்கள் ஊர் முத்துப்பேட்டைப் பக்கம், கோரையாறு கடலுக்குப் போகிற வழியில் இருக்கிறது. கடைமடை, அதாவது பாசனத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். தண்ணீர் முதலில் பாயும் தலைமடையில் இருக்கிற திருவையாறும் நாங்களும் ஒரே டெல்டாதான், ஆனால் பிழைப்பு வேறு.

வழக்கமாக ஜூன் 12 மேட்டூர் அணையைத் திறந்து பூத்தூவுவதை டிவியில் காட்டுவார்கள். மூன்று நாளில் தண்ணீர் கல்லணைக்கு வந்துவிடும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்கு வழி. எங்கள் பங்கு வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் பக்கத்தில் மூணாறு தலைப்பு என்கிற பிரிவு மதகில் மறுபடி கோரையாறு, பாமணியாறு, வெண்ணாறு என்று பிரியும். அந்த நாட்களில் அப்பா நீடாமங்கலத்துச் சொந்தக்காரருக்குப் போன் போட்டு "மாப்ள, தலைப்புல சட்ரஸ் தூக்கிட்டாங்களா?" என்று, மதகுக் கதவைத் திறந்தாயிற்றா என்று, கேட்டபடியே இருப்பார்.

முதல் தண்ணீரை நீங்கள் பார்க்க வேண்டும். பழுப்பு நுரை, சருகு, தேங்காய் மட்டை, யாருடையதோ ஒற்றைச் செருப்பு எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு ஒரு ஆள் நடக்கிற வேகத்தில் வரும், வாய்க்கால் வெடிப்புகளுக்குள் களகளவென்று இறங்கும்போது உள்ளேயிருந்து நண்டும் பூச்சியும் அலறியடித்துக்கொண்டு கரையேறும். அப்பாயி குனிந்து ஒரு கை அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்.

கும்பகோணம் பக்கம் ஆற்றில் தண்ணீர் தாமதமானாலும் போர்வெல் போட்டுக் குறுவை என்கிற குறுகிய கால நெல்லை நட்டுவிடுவார்கள். எங்களுக்கு நிலத்தடி நீர் உப்பு, பம்புசெட் வைத்துப் பயனில்லை. பெரும்பாலும் சம்பா என்கிற நீண்ட கால நெல் ஒரு போகம்தான், அதுவும் நேரடி விதைப்பு. அப்புறம் ஐப்பசி கார்த்திகையில் மழை பிடித்தால் மேலே வடிகிற வெள்ளமெல்லாம் எங்கள் வயல் வழியாகத்தான் போக வேண்டும். தரை தட்டையாக இருப்பதால் எளிதில் வடியாது, கடல் ஏறிய நேரத்தில் எதிர்த்தும் தள்ளும்.

இந்த மண்ணின் வரலாறு என்றால் கரிகாலனில் தொடங்கிப் பெரிய கோயிலோடு முடித்துவிடுகிறார்கள். கொள்ளிடம் தாழ்வாக இருந்ததால் தண்ணீரை அது இழுத்துக்கொள்ள, காவிரி மணல் மேவிக் கிடந்ததையும், அதற்காக 1830களில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணை கட்டியதையும் எத்தனை பேர் சொல்கிறார்கள்? இந்த வயல்களில் சேற்றில் நின்றவர்களைப் பற்றிப் பேச்சே இருக்காது. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், கூலி உயர்வு கேட்ட போராட்டத்தின் நடுவே, ஒரு குடிசைக்குள் 44 தலித் உயிர்களை எரித்துக் கொன்றார்கள். பெண்களும் குழந்தைகளும்தான் அதிகம். அந்த ஊரும் டெல்டாதான். அந்த நினைவிடத்துக்குப் போகாமல் யாரும் தஞ்சை மண்ணைப் பற்றிப் பெருமையாக எழுதக்கூடாது என்பது என் எண்ணம்.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். மேட்டூரில் திறந்தாயிற்று, எங்கள் வாய்க்காலில் வெங்காயத்தாமரை இடுப்பளவு மண்டிக் கிடந்தது. கோடையிலேயே தூர் வாரியிருக்க வேண்டியது. கடைசியில் அப்பாவும் பக்கத்து வயல்காரர்களும் அரிவாளோடு இறங்கிவிட்டார்கள், நானும் இறங்கினேன். பொழுது சாய்வதற்குள் மதகு வரைக்கும் அறுத்துப் போட்டோம். மதகுக்குக் கீழே இன்னும் கிடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மறுபடி போகிறேன்.