கயத்தாறு ஓடுதளம்: கொரோனா படம் ஒருவழியாக உட்கார்ந்தது

உட்கார்ந்தேவிட்டது! தமிழ்நாட்டில் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் போட்டுக் கைவிட்ட விமான ஓடுதளங்களை வரைபடத்தில் பதியும் குழு எங்களுடையது. அறுபதுகளில் எடுத்த கொரோனா படம் (நோய் இல்லை, அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்) கயத்தாறு ஓடுதளத்தின் மேல் இன்றைய படத்தோடு பிசகாமல் பொருந்தி நிற்கிறது. இரண்டு முனையும் சரி, நடுவிலும் வழுக்கவில்லை. இந்த ஒரு ஊர் எங்கள் பட்டியலில் எவ்வளவு காலம் "பாதி முடிந்தது" என்றே கிடந்தது என்பது குழுவில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

இந்த ஊருக்கு மட்டும் ஏன் இவ்வளவு பாடு என்றால், காற்றாலைகள். கயத்தாறைச் சுற்றி எங்கே பார்த்தாலும் காற்றாடிதான், ஒவ்வொன்றுக்கும் ஒரு மண் சாலை, சாலை முடிகிற இடத்தில் லாரி திரும்ப ஒரு வட்டமான வெளி. மேலிருந்து பார்த்தால் போர்க்கால விமானங்களைத் தள்ளித்தள்ளி நிறுத்த ஓடுபாதை ஓரத்தில் போடுவார்களே, அந்த வளையங்கள் அப்படியே இருப்பது போலத் தெரியும். இன்றைய படத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆர்வக்கோளாறில் வரைந்தால் 1942-ல் இங்கே ஒரு பெரிய தளமே இருந்ததாக ஆகிவிடும். இதற்கு ஒரே வழி, காற்றாலை வருவதற்கு முந்தைய படம். அதில் இருக்கும் கோடு காற்றாலைச் சாலையாக இருக்க முடியாது, அவ்வளவுதான் தர்க்கம். கொரோனா 1960 முதல் 1972 வரை பறந்தது, 1995-ல் ரகசியம் நீக்கிவிட்டார்கள், பொதுச்சொத்து, நிம்மதியாக வரையலாம்.

படம் வாங்குவது பற்றி: அமெரிக்கப் புவியியல் ஆய்வகத்தின் எர்த்எக்ஸ்புளோரர் இணையதளத்தில் யாராவது ஏற்கெனவே காசு கொடுத்து ஸ்கேன் செய்ய வைத்த படம் என்றால் இலவசம், இல்லையென்றால் ஒரு படத்துக்கு 30 டாலர். மேகம் இல்லாத தேதியாகப் பார்த்துப் போடுங்கள், முன்னோட்டப் படத்தில் வெள்ளையாகத் தெரிவது மேகமா உப்பளமா என்று தூத்துக்குடிப் பக்கம் குழப்பும். என் வங்கி அட்டை வெளிநாட்டுப் பணப் பரிமாற்றம் என்று மறுத்துக்கொண்டே இருந்தது தனிப் புலம்பல். படச்சுருள் நீளமானது என்பதால் நான்கு துண்டாக வரும், நமக்கு வேண்டிய ஊர் சரியாக ஒட்டில் விழும், அது விதி.

இனி முக்கியமான விஷயம். இந்தப் படங்கள் பனோரமா கேமராவில் எடுத்தவை, ஓரத்துக்குப் போகப் போக ஈரத்துண்டை முறுக்கின மாதிரி இழுபடும். முழுத் துண்டையும் க்யூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் போட்டு ஒரே தடவையில் பொருத்த நினைத்தால் நடக்காது. குழுவில் ஒருவர் அதில் உள்ள 'தின் பிளேட் ஸ்ப்ளைன்' என்ற பொருத்தும் முறையைப் போட்டுவிட்டு "பிழை 0 வருகிறதே" என்று படம் பிடித்து அனுப்பினார். வராமல் என்ன செய்யும்? பழைய படத்திலும் புதிய படத்திலும் ஒரே இடம் என்று நாம் குத்திய புள்ளி எல்லாவற்றின் வழியாகவும் படத்தை இழுத்துக் கட்டுவதுதான் அதன் வேலை, புள்ளியைத் தப்பான இடத்தில் குத்தினாலும் பூஜ்யம்தான் காட்டும். புள்ளிகளுக்கு நடுவே என்ன கூத்து நடக்கிறது என்று அது சொல்லாது.

எனக்குப் பலித்த முறை இது. ஓடுதளத்தைச் சுற்றி ஐந்தாறு கிலோமீட்டருக்கு மட்டும் படத்தை வெட்டிக்கொள்ள வேண்டும். அந்த அளவுக்குள் வளைவு பெரிதாகத் தெரியாது, 'பாலினோமியல் 2' என்ற எளிய முறையே போதும். அதற்குக் குறைந்தது 6 புள்ளிகள் வேண்டும், நான் அதைவிட நிறையவே குத்துவேன். ஆனால் எதில் குத்துவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சாலைச் சந்திப்பு வேண்டாம், நான்குவழிச் சாலை வந்தபோது எல்லாம் நகர்ந்துவிட்டது. கண்மாயின் நீர்விளிம்பு வேண்டவே வேண்டாம், மாதத்துக்கு ஒரு இடத்தில் இருக்கும். கண்மாய் என்றால் கலிங்கு (உபரி நீர் வழியும் இடம்), அது கல் கட்டுமானம், நகராது. கோயில் ஓரளவு சரி, ஆனால் திருப்பணியில் இடம் மாறியிருக்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கிணறு! கரிசல் காட்டில் வெட்டிய பழைய சதுரக் கிணறு கொரோனா படத்தில் கரும்புள்ளியாக, மூலை கூடத் தெரிகிற அளவுக்கு விழுந்திருக்கும், பக்கத்திலேயே தோண்டிப் போட்ட மண்மேடு வெளுப்பாக இருக்கும். அதே கிணறு இன்றைய படத்திலும் அதே இடத்தில், இப்போது முள் மண்டிப்போய். கிணற்றை யாரும் நகர்த்துவதில்லை. நான்கு கிணறுகளை மட்டும் பொருத்தும் கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்துவிட்டு, பொருத்தி முடித்த பிறகு அவை எங்கே விழுகின்றன என்று பாருங்கள். அந்த வித்தியாசம்தான் உண்மையான பிழை. எனக்கு 5 மீட்டருக்குள் வந்தது, நாற்காலியை விட்டு எழுந்து ஒரு நடை நடந்துவிட்டு வந்தேன்.

பழைய வரைபடத்தை வைத்தே முடித்துவிடலாமே என்று கேட்பவர்களுக்கு: டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் இலவசமாகத் தரும் யூ502 வரிசைத் தாள்கள் (அமெரிக்க ராணுவத்தின் பழைய வரைபடங்கள்) நல்லவைதான், ஆனால் அவை எவரெஸ்ட் நீள்கோளத்தில் போட்டவை, அதாவது ஜிபிஎஸ் வைத்திருக்கும் பூமி உருவக் கணக்கு வேறு, இது வேறு. ஓரத்தில் உள்ள அட்சரேகை எண்களை அப்படியே ஜிபிஎஸ் எண்ணாக எடுத்துக்கொண்டால் நம் பக்கத்தில் 200 மீட்டருக்கு மேல் தள்ளிப்போகும். முதலில் மென்பொருளில் கலியான்பூர் (இந்தியாவின் பழைய அளவீட்டு அடிப்படை) என்று அறிவித்துப் பொருத்திவிட்டு அப்புறம் ஜிபிஎஸ் கணக்குக்கு மாற்ற வேண்டும். தவிர 1:2,50,000 அளவில் ஒரு ஓடுதளம் தீக்குச்சி நீளம் கூட வராது.

யார் வேண்டுமானாலும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றும் வேலை பாதியில் நிற்கிறது. 'கைவிடப்பட்டது' என்று குறிப்பதா 'பயன்பாட்டில் இல்லை' என்று குறிப்பதா என்று குழுவில் இன்னும் சண்டை. என் கட்சி முதலாவது. நாளைக்கே விமானம் இறங்கும் நிலையில் இருந்தால்தான் இரண்டாவது. ஒரு நினைவூட்டல், கூகுள் படத்தின் மேல் வரையாதீர்கள், உரிமம் இல்லை, பிங் படத்துக்கு அனுமதி இருக்கிறது. தாம்பரம், சூலூர், தஞ்சாவூர் எல்லாம் இன்றும் விமானப்படையிடம் இருப்பவை, அவற்றை நாங்கள் தொடுவதில்லை, யாரும் படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு அவசரம் என்றால், ஒரு கட்டுமானத்தைப் பாதுகாக்கத் தொல்சின்னச் சட்டம் 1958 கேட்பது 100 வயது. 1942-ல் போட்ட கான்கிரீட்டுக்கு அந்த வயது 2042-ல்தான் வரும், அதுவரை அது வெறும் ஜல்லி. பிரிட்டனில் 1995-ல் தொடங்கிய 'டிஃபென்ஸ் ஆஃப் பிரிட்டன்' என்ற போர்க்காலப் பாதுகாப்புக் கட்டுமானங்களைப் பதியும் திட்டத்தில் தன்னார்வலர்களே 20,000-க்கு நெருக்கமான இடங்களைப் பதிந்து முடித்தார்கள். நம் ஊரில் கயத்தாறு, செட்டிநாடு, உளுந்தூர்பேட்டை, சோழவரம் என்று நான்கு தளத்தை ஒழுங்காகப் பதியவே மூச்சு வாங்குகிறது. சோழவரம் மட்டும் அந்த ஓடுதளத்தில் ஓடிய பந்தயக் கார்களின் புண்ணியத்தில் பலருக்கு நினைவிருக்கிறது.

அடுத்தது உளுந்தூர்பேட்டை. ஆவணங்களில் தேடும்போது 'உளுண்டர்பெட்' என்ற பழைய எழுத்துக்கூட்டலையும் போட்டுப் பாருங்கள். பிரிட்டிஷ் கடற்படைக் கோப்பு என்றால் ஊர்ப்பெயரே இருக்காது, தரைத்தளத்துக்கும் கப்பல் பெயர்தான், தாம்பரம் 'ஹெச்எம்எஸ் வல்லூறு' என்று கிடக்கும். கொரோனா படம் இரண்டு தேதிக்குப் பார்த்து வைத்திருக்கிறேன், ஒன்று இலவசம், அதில் பாதி மேகம். காசு போட்டு மற்றதை எடுக்கலாமா என்று யாராவது சொல்லுங்கள், செலவைப் பிரித்துக்கொள்வதாக இருந்தால் இந்த வாரமே கேட்டுவிடுவேன். கயத்தாறு வளையங்களில் எது பழையது எது காற்றாலை என்று பிரிக்கும் வேலைக்கு இன்னும் இரண்டு கை வேண்டும், கிணறு கண்டுபிடிக்கத் தெரிந்திருந்தால் போதும்.