கொழும்பு 1 முதல் 15 வரை: ஓர் அளவீட்டு நாட்குறிப்பு

2025 செப்டெம்பர் 2, செவ்வாய்

வினாக்கொத்தின் இறுதி வடிவம் கைக்கு வந்துவிட்டது. கோட்டை கொழும்பு 1. முகத்துவாரமும் மட்டக்குளியும் கொழும்பு 15. பதினைந்து அஞ்சல் வலயங்களையும் ஒன்றோடொன்று சோடி சேர்த்தால் 105 கேள்விகள். எல்லாவற்றிலும் கேட்பது ஒன்றே: இந்த இரண்டு இடங்களும் உங்கள் மனதுக்கு எவ்வளவு தொலைவு? 1 என்றால் பக்கத்தில், 9 என்றால் வெகு தூரம். கிலோமீற்றரையோ பயண நேரத்தையோ கேட்கப்போவதில்லை.

இப்படிப்பட்ட மதிப்புகளிலிருந்து ஒரு வரைபடத்தை மீட்டெடுப்பதுதான் பல்பரிமாண அளவிடல். அச்சம், வெட்கம், துக்கம் போன்ற உணர்ச்சிகளை வைத்தும் செய்யலாம். ஆனால் அங்கே கிடைக்கும் படத்தை ஒத்துப்பார்க்க வேறு படம் கிடையாது. நகரத்துக்கு உண்மையான வரைபடம் இருக்கிறது. மனம் எந்த இடத்தில் நிலத்தைவிட்டு விலகுகிறது என்று அதன்மேல் வைத்துப் பார்க்கலாம். மாணவர்களுக்கு இந்த முறையைக் கற்பிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

செப்டெம்பர் 4, வியாழன்

மக்களிடம் போவதற்கு முன் நேர்கோட்டுத் தூரங்களைக் கொடுத்துச் செய்நிரலைச் சோதித்தோம். ஆர் என்ற புள்ளிவிவர நிரல் மொழியில் உள்ள செவ்வியல் முறை. உளவியலாளர் வாரன் டோர்கர்சன் 1952 இல் விளக்கியது. தூரங்களை வர்க்கித்து, நிரை, நிரல் இரண்டின் சராசரிகளையும் நீக்கி, எஞ்சும் தாயத்தின் (எண் அட்டவணையின்) ஐகன் காவிகளையும் ஐகன் பெறுமானங்களையும், அதாவது அதன் முதன்மைத் திசைகளையும் அவற்றின் அளவையும், கண்டால் புள்ளிகளின் ஆள்கூறுகள் வந்துவிடும். தேடலும் திருத்தமும் இல்லை, ஒரே கணக்கு.

படம் வந்ததும் உதவிக்கு இருக்கும் மாணவி திகைத்துப்போனாள். "அக்கா, மட்டக்குளி கீழே போய்விட்டது. கடல் கிழக்கில் இருக்கிறது. பிழையா?"

பிழை இல்லை. தூரத்துக்குத் திசை தெரியாது. படத்தைச் சுழற்றலாம், கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பலாம். ஒரு தூரமும் மாறாது. அவளே திருப்பினாள். காலி வீதியோரம் கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, வெள்ளவத்தை என்று வரிசையாக வந்து நின்றன. "கிடைமட்ட அச்சு இதைக் காட்டுகிறது, செங்குத்து அச்சு அதைக் காட்டுகிறது" என்று முதல் படத்தைப் பார்த்தவுடனேயே எழுதிவிடும் கட்டுரைகளை அவள் இனி நம்பமாட்டாள்.

செப்டெம்பர் 7, ஞாயிறு, போயா

வீடு அமைதியாக இருந்தது. நாள் முழுவதும் வாசிப்பு.

ஒருவர் இட்ட 8, அவரே இட்ட 4 இன் இருமடங்கா? யாராலும் உறுதி சொல்ல முடியாது. முன்னது பின்னதைவிடப் பெரியது என்பது மட்டும் நிச்சயம். அந்த நிச்சயத்தை மட்டும் நம்பி ஒரு வெளியை, அதாவது புள்ளிகள் நிற்கும் ஒரு படத்தை, கட்டலாம் என்று 1962 இல் காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் இருந்த ரொஜர் ஷெப்பர்ட். கோஸ்டா எக்மன் என்ற சுவீடன் உளவியலாளர் 14 நிறங்களை இரண்டிரண்டாகக் காட்டி ஒப்புமையைக் கேட்டு 1954 இல் வெளியிட்ட தரவுகளை ஷெப்பர்ட் தன் செய்நிரலுக்குக் கொடுத்தார். நிறங்கள் வளைந்து ஏறத்தாழ ஒரு வட்டமாக நின்றன. அலைநீளத்தில் இரண்டு எல்லைகளில் இருக்கும் ஊதாவும் சிவப்பும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருந்தன. வட்டத்தைப் பற்றி ஒருவரிடமும் கேட்கவில்லை! எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

அதே கூடத்தின் ஜோசப் குரூஸ்கல் 1964 இல் இதற்கு ஓர் உறுதியான இலக்கைக் கொடுத்தார். படத்தின் தூரங்கள், மக்கள் சொன்ன வரிசையிலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்பதை 'ஸ்ட்ரெஸ்' என்ற ஓர் எண்ணால் அளந்து, அதைப் படிப்படியாகக் குறைப்பது. அவருடைய எம்.டி.ஸ்கால் செய்நிரல் அதைத்தான் செய்தது.

செப்டெம்பர் 10, புதன்

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளின் பட்டியலில் எதைச் சொடுக்குவது என்று மாணவி கேட்டாள். இது சின்னக் கேள்வி இல்லை. அங்கே இருக்கும் அல்ஸ்கால் என்ற அளவிடல் செய்நிரல் டகானே, யங், டி லேவ் மூவரும் 1977 இல் கொடுத்தது. அது தூரங்களின் வர்க்கங்களைப் பொருத்துகிறது. ஆகவே பெரிய தூரங்களுக்கே அதிக கனம். மட்டக்குளிக்கும் வெள்ளவத்தைக்கும் இடையிலான தூரத்தைச் சரியாக வைக்க, கொட்டாஞ்சேனைக்கும் புதுக்கடைக்கும் இடையிலான சிறு வேறுபாட்டை அது எளிதில் விட்டுக்கொடுக்கும். எனக்கு வேண்டியதோ அந்தச் சிறு வேறுபாடுகள்தான். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ப்ரொக்ஸ்கால் தூரத்தையே பொருத்துகிறது. அதுவும் அதே பட்டியலில் இருக்கிறது.

நாங்கள் ஆர் மொழியின் ஸ்மாகொஃப் பொதியை (செய்நிரல் தொகுப்பை) எடுத்தோம். யான் டி லேவும் பற்றிக் மெயரும் 2009 இல் அறிமுகப்படுத்தியது, இலவசம். அதன் ஒவ்வொரு படியிலும் ஸ்ட்ரெஸ் குறையும் அல்லது அப்படியே நிற்கும், ஒருபோதும் ஏறாது. ஆனாலும் அது வந்து நிற்கும் இடம் மிகத் தாழ்ந்த இடம்தான் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே எழுமாறான பல தொடக்கங்களிலிருந்து ஓடவிட்டு, மிகக் குறைந்த ஸ்ட்ரெஸ் உள்ள விடையை எடுக்க வேண்டும். ஒரே ஓட்டத்தில் கிடைத்த படத்தை ஆய்வேட்டில் ஒட்டுவதை நான் ஏற்கமாட்டேன்.

செப்டெம்பர் 13, சனி

கொட்டாஞ்சேனையில் ஓர் அன்ரியின் வீடு. தேநீர் கொடுத்துவிட்டு நிதானமாகப் பதில் சொன்னார். வெள்ளவத்தைக்கு 2 போட்டார். நேர்கோட்டிலேயே பல கிலோமீற்றர் என்று நான் சொல்லவில்லை, சொல்லக்கூடாது. அவரே விளக்கினார்:

"எனக்கு அது தூரமில்லை பிள்ளை. மகள் அங்கேதான் இருக்கிறாள். கறுவாத்தோட்டம்தான் தூரம். அங்கே எனக்கு என்ன வேலை?"

கறுவாத்தோட்டத்துக்கு 9. அது இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கிறது.

மாலையில் வெள்ளவத்தையில் ஒரு பல்கலைக்கழக மாணவன். கொட்டாஞ்சேனைக்கு யோசிக்காமல் 9 போட்டான். கறுவாத்தோட்டத்துக்கு 1, விரிவுரைக்கு நாள்தோறும் போகும் வழி.

செப்டெம்பர் 17, புதன்

இந்த இருவரையும் சராசரியாக்கினால் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் இடையில் 5.5 வரும். அது அன்ரியின் தூரமும் இல்லை, மாணவனின் தூரமும் இல்லை. அந்த எண்ணை வைத்து அழகான படம் வரையலாம். அந்தப் படத்தில் குடியிருக்கும் மனம் ஒன்றும் கொழும்பில் கிடையாது. உளவியல் அளவீட்டில் எனக்கு மிகவும் வலிக்கும் இடம் இதுதான். ஆளுக்கு ஆள் மாறுவதை அளக்க வந்தவர்கள் முதல் வேலையாக அதையே அழித்துவிடுகிறோம்.

டக்ளஸ் கரோலும் ஜி-ஜீ சாங்கும் 1970 இல் தந்த இண்ட்ஸ்கால் இதற்காகவே வந்தது. எல்லோருக்கும் ஒரு பொது வெளி. அதன் ஒவ்வோர் அச்சையும் அவரவர் எவ்வளவு நீட்டுகிறார், சுருக்குகிறார் என்பதற்குத் தனித்தனி எடைகள். எடைகள் அச்சுகளோடு கட்டுண்டவை. ஆதலால் செவ்வியல் படம்போல் இதை விருப்பப்படி சுழற்ற முடியாது. அச்சுகளுக்குப் பொருள் தேடும் உரிமை இங்கேதான் கிடைக்கிறது. ஸ்மாகொஃப் பொதியிலும் இந்த மாதிரி உண்டு.

ஆனாலும் அச்சை நீட்டிச் சுருக்குவதால் மட்டும் அன்ரியின் நகரம் மாணவனின் நகரத்திலிருந்து வந்துவிடுமா? மகளின் வீட்டை அருகில் இழுத்து, வழியில் இருப்பதை வெளியே தள்ளிய வெளி அது. பொது வெளிக்குள் அடங்காதவர்களும் இருப்பார்கள். ஆகவே மொத்த ஸ்ட்ரெஸ் ஒன்றை மட்டும் பார்க்காமல், ஒவ்வொருவருக்கும் பொருத்தம் எவ்வளவு என்று தனித்தனியே பார்க்கப்போகிறேன்.

செப்டெம்பர் 21, ஞாயிறு

குரூஸ்கல் கொடுத்த வழிகாட்டி எண்கள் இன்றும் மந்திரம்போல் ஒப்புவிக்கப்படுகின்றன: 0.20 மோசம், 0.10 சுமார், 0.05 நல்லது, 0.025 மிகச் சிறப்பு. புள்ளிகள் கூடினால் ஸ்ட்ரெஸ் ஏறும். பரிமாணம், அதாவது படத்தின் அச்சுகளின் எண்ணிக்கை, கூடினால் இறங்கும். இதைக் கணக்கில் கொள்ளாமல் 0.05 க்குக் கீழே வந்துவிட்டது என்று மகிழ்வதில் பயனில்லை. மதிப்புகளைக் குலைத்து அடுக்கிய தாயங்களையும் அதே செய்நிரலில் ஓட்டி, அவற்றின் ஸ்ட்ரெஸோடு எங்களுடையதை ஒப்பிடுவோம்.

வலயம் வாரியாகத் தனிப் படங்கள் முதலில், இண்ட்ஸ்கால் பிறகு. நாளை கிராண்ட்பாஸ் போகிறோம். கொழும்பு 14 இலிருந்து இன்னும் ஒருவரும் பதில் தரவில்லை.