தண்ணீர்த் தடைக்குப் பிறகு டிஷ்வாஷர் நிரம்பவில்லையா? எலக்ட்ரானிக் போர்டை மாற்றும் முன் தண்ணீர் வரும் வாயில் உள்ள வலையைப் பாருங்கள்

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் சாப்பாட்டுக் கடையில் இருப்பது மூடியை இழுத்து இறக்கும் வகை டிஷ்வாஷர். கிள்ளான் பள்ளத்தாக்கில் கடை நடத்துகிறவர்களுக்குத் தண்ணீர்த் தடை புதிதில்லை. ஆனால் தடை முடிந்து தண்ணீர் திரும்பி வரும் நாள்தான் மெஷினுக்கு ஆபத்தான நாள். இந்த முறை குழாயில் தேத்தண்ணீர் நிறத்தில் வந்தது. மறுநாள் மதியக் கூட்டத்தின் நடுவே மெஷின் தண்ணீர் பிடிக்காமல் நின்றுவிட்டது. மங்குகள் மலையாகக் குவிய, இரண்டு பையன்கள் கையால் கழுவினார்கள்.

சர்வீஸ் ஆள் வந்தார். பொத்தான்களை அழுத்திப் பார்த்தார். "போர்டு போச்சு பாஸ், மாத்தணும்" என்றார். ஒரு மூடியைக்கூடக் கழற்றவில்லை! புது போர்டுக்கு அவர் சொன்ன விலையைக் கேட்டு எனக்கு நெஞ்சு அடைத்தது. வந்து பார்த்ததற்கான கூலியையும் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலம் சிங்க் குழாயைப் பார்க்க வந்த பைப் வேலைக்கார அண்ணனிடம் புலம்பினேன். அவர் மெயின் சுவிட்சை அணைத்தார், வால்வை மூடினார், மெஷினுக்குத் தண்ணீர் வரும் ஹோஸைக் கழற்றினார். உள்ளே, தண்ணீர் மெஷினுக்குள் நுழையும் வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு சின்ன வலை. அது முழுக்கச் சேறு. பழைய பல் துலக்கும் பிரஷால் தேய்த்து மாட்டியதும் மெஷின் நிரம்பத் தொடங்கியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது.

அதோடு முடியவில்லை. மங்குகளில் சோப்பு வழவழப்பு நின்றது. மெஷினுக்குள் சுற்றிச் சுற்றித் தண்ணீர் தெளிக்கும் குழாய்க் கைகள் இருக்கும்; அவற்றில் கடைசி அலசலுக்கான கைகளின் துளைகளில் மணல் ஏறியிருந்தது. கழுவும் கைகளில் அடைப்பது வேறு: சோற்றுப் பருக்கை, கறிவேப்பிலைக் காம்பு, முருங்கைக்காய் நார். இரண்டையும் கழற்றி, பல் குத்தும் மரக்குச்சியால் குத்தி எடுங்கள். கம்பி வேண்டாம், துளை பெரிதாகித் தெளிப்பே கெட்டுவிடும். மாட்டிய பிறகு கையால் சுற்றிப் பாருங்கள், தடையில்லாமல் ஓட வேண்டும்.

அப்புறம் வெப்பமானியைப் பாருங்கள். சூட்டினால் கிருமி நீக்கும் மெஷின் என்றால் கடைசி அலசல் 82 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது. மங்கு பளபளப்பாக இருப்பதை மட்டும் நம்பாதீர்கள்.

ராத்திரி தண்ணீரை வடித்து, வடிகட்டித் தட்டுகளைக் கழுவி, மூடியைத் திறந்தே விடுங்கள். இல்லாவிட்டால் காலையில் நாற்றம் அடிக்கும். தட்டில் மிஞ்சிய சோற்றை மெஷினுக்குள்ளேயே தட்டிக் கொட்டும் பையனை அன்றே திருத்துங்கள். சாதாரண பாத்திர சோப்பை உள்ளே ஊற்றக் கூடாது, நுரை கட்டி பம்ப் திணறும். சுண்ணாம்புக் கறை நீக்கும் அமிலத்தோடு குளோராக்ஸ் மாதிரி பிளீச் எதையும் சேர்க்கவே கூடாது, விஷ வாயு கிளம்பும். இதை நேபாளத் தம்பிகளுக்கும் புரியும்படி படம் போட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

இனிமேல் தடை அறிவிப்பு வந்ததும் மெஷினின் வால்வை மூடிவிடுவோம். தண்ணீர் வந்த பிறகு சிங்க் குழாயைத் திறந்துவிட்டு, தெளிவாக ஓடும்வரை மெஷின் வால்வைத் தொடுவதில்லை. அந்த சர்வீஸ் கூலியைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை, விடப் போவதில்லை.